கரைக்கோடு

நுழையும்முன்

நிலமும் நீரும் கூடும் இடம் கரை. கடலுக்குக் கரை உண்டு, ஏரிக்கும் உண்டு. வலை உலர்த்துபவர், விடுதி கட்டுபவர், துறைமுகம் அமைப்பவர், மாலையில் காற்று வாங்க வருபவர் என அனைவருக்கும் அந்தச் சிறு நிலப்பகுதி தேவைப்படுகிறது. அதனை யார், எவ்வளவு தொலைவு வரை, எந்த நிபந்தனையுடன் பயன்படுத்தலாம் என்பதைச் சட்டம் ஒரு கோட்டின் மூலம் கூற முயல்கிறது. அந்தக் கோட்டைப் பற்றியது இப்பாடம்.

பெங்களூருவிலிருந்து கடல்வரை

பெங்களூரு கடல்மட்டத்திற்கு ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் அமைந்த நகரம். கிழக்கே சென்னைக்கும் மேற்கே மங்களூருவிற்கும் சாலைவழியாக ஏறக்குறைய 350 கிலோமீட்டர் செல்ல வேண்டும். கடல் கண்ணில் படாத ஊரில் பயிலும் மாணவருக்குக் கடற்கரைச் சட்டம் எதற்கு என்ற வினா இயல்பாகவே எழும். அவ்வினாவிற்கு இந்நகரின் நீரே விடை கூறுகிறது.

மாநகரின் தென்கிழக்கில் உள்ள பெல்லந்தூர் ஏரி, பெங்களூருவின் மிகப் பெரிய ஏரியாகும். அதன் பரப்பு ஏறத்தாழ 900 ஏக்கர். மேட்டுப்பகுதியில் உள்ள ஏரிகள் நிரம்பினால், கன்னடத்தில் 'ராஜகாலுவெ' என வழங்கும் பெருங்கால்வாய்களின் வழியே நீர் பெல்லந்தூரை வந்தடையும். பெல்லந்தூர் நிரம்பினால் வர்த்தூர் ஏரிக்குச் செல்லும். அங்கிருந்து வழிந்து தட்சிண பினாகினி ஆற்றில் கலக்கும். அவ்வாறு தமிழ்நாட்டிற்குள் தென்பெண்ணை எனப் பெயர் பெறுகிறது. ஓசூரை அடுத்த கெலவரப்பள்ளி அணை, கிருஷ்ணகிரி அணை, சாத்தனூர் அணை ஆகியவற்றைக் கடந்து கடலூருக்கு அருகில் வங்கக்கடலைச் சேர்கிறது. பெங்களூருவின் வீடுகளில் துணி துவைத்த நீர், கெலவரப்பள்ளி அணையின் மதகுகளில் வெண்ணுரையாகப் பொங்கிய காட்சியைத் தமிழ் நாளிதழ்கள் பலமுறை வெளியிட்டுள்ளன. பெங்களூருவின் ஏரிக்கரையும் கடலூரின் கடற்கரையும் ஒரே நீர்வழியின் இரு முனைகள் ஆகும்.

ஆகவே, கடற்கரையில் சட்டம் என்ன செய்ய முயன்றது என்பதை அறிந்தால், ஏரிக்கரையில் அது ஏன் தடுமாறுகிறது என்பதும் விளங்கும்.

நடந்து செல்லும் மணல்

தொல்காப்பியம் நிலத்தை முல்லை, குறிஞ்சி, மருதம், நெய்தல் என நான்காகப் பகுத்தது. கடலும் கடல் சார்ந்த இடமும் நெய்தல். அந்நிலத்தில் மீன் பிடித்தவர் பரதவர். உப்பு விற்றவர் உமணர். அக்காலத்தில் கடற்கரை பெரும்பாலும் அங்கு வாழ்ந்த மக்களின் பொது வெளியாகவே இருந்தது. பெருந்துறைமுகங்களும் தொழிற்சாலைகளும் பெருவிடுதிகளும் வந்த பின்னரே அந்த வெளிக்கு எல்லை வகுக்க வேண்டிய நிலை ஏற்பட்டது.

கடற்கரைக்குத் தனிச் சட்டம் எதற்கு? ஒருவர் தம் நிலத்தில் தாம் விரும்பியதைக் கட்டினால் பிறருக்கு என்ன தீங்கு? இவ்வினாக்களுக்குச் சென்னைக் கடற்கரை நல்ல சான்று தருகிறது. தமிழ்நாட்டின் கிழக்குக் கடற்கரையில் அலைகள் மணலை ஓரிடத்தில் நிற்க விடுவதில்லை. ஆண்டின் பெரும்பகுதியில் மணல் கரையோரமாக வடக்கு நோக்கி நகர்ந்துகொண்டே இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் சென்னைத் துறைமுகத்திற்காகக் கடலுக்குள் கற்சுவர்கள் எழுப்பப்பட்டன. வடக்கு நோக்கி வந்த மணல் அச்சுவர்களின் தென்புறத்தில் தடுக்கப்பட்டுத் தேங்கியது. இன்று மக்கள் திரளும் மெரினாவின் அகன்ற மணற்பரப்பு பெருமளவு அவ்வாறு உருவானதே. வடபுறத்திற்கோ வர வேண்டிய மணல் வரவில்லை. அலைகள் அங்கிருந்த மணலையும் அரித்துச் சென்றன. இராயபுரம் முதலிய வடசென்னைப் பகுதிகள் கரையை இழந்தன; மீனவர் வீடுகள் பல கடலுக்குள் போயின. பின்னர்க் கருங்கற்களைக் கொட்டிக் கரையைக் காக்க வேண்டியதாயிற்று.

துறைமுகம் தேவையற்றது என்று எவரும் கூற இயலாது. சென்னை நகரின் வாணிகம் அதனாலேயே வளர்ந்தது. ஆனால், கட்டியவர் ஒருவர், இழந்தவர் வேறொருவர் என்பதே கடற்கரையின் இயல்பு. வயலில் வரப்பை வெட்டினால் அடுத்த வயல்காரர் உடனே வந்து கேட்பார். கடற்கரையில் விளைவு தெரிய இருபது, முப்பது ஆண்டுகள் ஆகும். கேட்க வேண்டியவர் பல கிலோமீட்டருக்கு அப்பால் இருப்பார். அதனால்தான் இருவருக்கும் பொதுவான ஒரு சட்டம் தேவைப்பட்டது.

ஐந்நூறு மீட்டர்

1981ஆம் ஆண்டு அன்றைய தலைமையமைச்சர் இந்திரா காந்தி, கடலோர மாநில முதலமைச்சர்களுக்கு ஒரு கடிதம் எழுதினார். உயர் ஓதக்கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை கடற்கரையைக் கட்டடங்கள் இன்றிக் காக்க வேண்டும் என்பது அதன் சாரம். கடிதம் அறிவுரையே தவிர சட்டமன்று. மீறியவரை அதைக் காட்டித் தண்டிக்க இயலாது. 1984இல் போபால் நச்சுவாயுப் பேரழிவு நிகழ்ந்தது. அதன்பின் 1986இல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. அச்சட்டம் அளித்த அதிகாரத்தைக் கொண்டு, 1991 பிப்ரவரி 19 அன்று மைய அரசு கடற்கரை ஒழுங்காற்று மண்டல அறிவிக்கையை வெளியிட்டது. பத்தாண்டுகளுக்கு முன் கடிதமாக இருந்த 500 மீட்டர் அன்று சட்டமாயிற்று.

ஓதம் என்பது கடல்நீரின் ஏற்றவற்றம். நாள்தோறும் கடல் ஏறுகிறது, இறங்குகிறது. முழுநிலா நாளிலும் மறைநிலா நாளிலும் ஏற்றம் மிகுதியாக இருக்கும். அந்நாள்களைப் பழந்தமிழர் வெள்ளுவா, காருவா என வழங்கினர். அத்தகைய பேரோதத்தின்போது நீர் நிலத்தில் எவ்வளவு தொலைவு ஏறுகிறதோ, அந்த இடமே உயர் ஓதக்கோடு. நீர் மிகவும் பின்வாங்கும் இடம் தாழ் ஓதக்கோடு. இவ்விரு கோடுகளுக்கு இடைப்பட்ட நிலமும், உயர் ஓதக்கோட்டிலிருந்து நிலத்தை நோக்கி 500 மீட்டர் வரையுள்ள நிலமும் ஒழுங்காற்று மண்டலம் ஆயின.

மண்டலத்திற்குள் எல்லாம் தடுக்கப்பட்டன என்று கருதுவது பிழை. அறிவிக்கை கரையை நான்கு வகையாகப் பிரித்தது. அலையாத்திக் காடுகள், பவளப் பாறைகள், ஆமைகள் முட்டையிடும் இடங்கள் போன்றவை முதல் வகை. அவற்றில் ஏறக்குறைய எதையும் கட்ட முடியாது. ஏற்கெனவே நகரமாகிவிட்ட கரைகள் இரண்டாம் வகை. அங்கே நிலவும் சாலைக்கும் கட்டடங்களுக்கும் நிலப்புறமாகக் கட்டலாம். ஊர்ப்புறக் கரைகள் மூன்றாம் வகை. அவற்றில் முதல் 200 மீட்டர் வளர்ச்சி தவிர்க்கும் பகுதி. 200 முதல் 500 மீட்டர் வரை நிபந்தனைகளுடன் வீடும் விடுதியும் அமையலாம். அந்தமான், இலட்சத்தீவு முதலிய தீவுகள் நான்காம் வகை. துறைமுகம், மீன்பிடி இறங்குதளம் முதலாகக் கடலின் முன்புறம் இல்லாமல் இயங்க முடியாதவற்றுக்குத் தனி வழி இருந்தது. கடலின் துணை தேவைப்படாத தொழில் கடற்கரையில் எதற்கு என்பதே அறிவிக்கை கேட்ட கேள்வி. எளிய கேள்விதான், ஆயினும் அதற்குமுன் சட்டம் அதைக் கேட்டதில்லை.

மாநிலங்கள் ஓராண்டிற்குள் தத்தம் கரையை அளந்து, வகைபிரித்து, வரைபடம் அமைத்துத் திட்டம் தர வேண்டும் என்றும் கூறப்பட்டது. ஆண்டுகள் கடந்தன, திட்டங்கள் வரவில்லை. இதற்கிடையே 1994இல் அறிவிக்கை தளர்த்தப்பட்டது. ஓதம் ஏறும் ஆறுகளின் ஓரத்தில் விட வேண்டிய இடைவெளி 100 மீட்டரிலிருந்து 50 மீட்டராகக் குறைந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது. 1996 ஏப்ரலில் நீதிமன்றம் அத்தளர்வை நீக்கியதோடு, திட்டங்களை விரைந்து அளிக்குமாறு மாநிலங்களுக்கு ஆணையிட்டது. கோடு தாளில் இருந்தது. தரையில் எவரும் வரையவில்லை. அந்த இடைவெளியில்தான் அடுத்த நிகழ்வு நடந்தது.

இறால் குட்டைகளும் ஒரு முதியவரும்

1990களின் தொடக்கத்தில் வெளிநாடுகளில் இறாலுக்கு நல்ல விலை கிடைத்தது. தமிழ்நாடு, ஆந்திரம், ஒடிசா ஆகிய மாநிலங்களின் கரைகளில் இறால் பண்ணைகள் பெருகின. நாகப்பட்டினம் பகுதியில் நெல் விளைந்த நிலங்களே குட்டைகளாக மாறின. நாட்டிற்கு அந்நியச் செலாவணி கிடைத்தது. சிலருக்கு வேலையும் கிடைத்தது. இவை பொய்யல்ல.

ஆனால் இறால் குட்டை இயங்கும் முறையைக் கவனிக்க வேண்டும். கடல்நீரை எந்திரத்தால் இறைத்து, நிலத்தில் வெட்டிய குட்டையில் நிரப்புவர். இறாலை நெருக்கமாக வளர்ப்பதால் நிறைய தீவனமும் மருந்தும் இட வேண்டும். உண்ணாத தீவனமும் கழிவும் கலந்த நீரை அவ்வப்போது வெளியேற்றிப் புதுநீர் மாற்ற வேண்டும். வெளியேறிய நீர் வாய்க்காலிலும் கழியிலும் கலந்தது. குட்டையில் தேங்கிய உப்புநீர் மண்ணில் இறங்கி, அடுத்த வயலுக்கும் ஊர்க்கிணற்றுக்கும் பரவியது. குடிநீருக்காகப் பெண்கள் தொலைவிலுள்ள ஊர்களுக்குக் குடம் சுமந்து நடந்தனர். பண்ணைகளைச் சுற்றி வேலி இட்டதால் மீனவர் கடலுக்குச் செல்லும் பாதையும் அடைபட்டது. உழவுக்கு ஆட்கள் பலர் வேண்டும். குட்டையைக் காக்க ஓரிருவர் போதும். எனவே வேலையிழந்த உழவுத் தொழிலாளர் தொகை, வேலை பெற்றோர் தொகையைவிட மிகுந்தது.

இப்பகுதியில் சர்வோதயத் தலைவர் ச. ஜெகந்நாதனும் அவர் துணைவியார் கிருஷ்ணம்மாளும் நெடுங்காலம் பணியாற்றி வந்தனர். நிலமற்ற தலித் குடும்பங்களுக்கு, குறிப்பாகப் பெண்களின் பெயரில், நிலம் பெற்றுத் தருவது அவர்களுடைய பணி. அந்த உழவர்களின் வயல்களுக்கு அருகிலேயே குட்டைகள் தோன்றின. நிலம் கிடைத்தும் நீர் உப்பானால் அந்நிலத்தால் யாது பயன்? அறப்போராட்டங்களுக்குப் பின், ஜெகந்நாதன் 1994இல் உச்ச நீதிமன்றத்தை நாடினார். அப்போது அவருக்கு வயது எண்பதை எட்டியிருந்தது.

நீதிமன்றம் இருதரப்பு வாதத்தை மட்டும் கேட்டு முடிவு கூறவில்லை. தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனத்தின் அறிவியலாளர்களை நேரில் சென்று ஆராயப் பணித்தது. அவர்கள் கடலோரப் பண்ணைகளைப் பார்த்து, மண்ணையும் நீரையும் சோதித்து அறிக்கை அளித்தனர். இறாலால் வரும் வருவாயைவிட, நிலமும் நீரும் மக்களும் அடையும் இழப்பே பெரிது என்பது அவ்வறிக்கை கண்ட முடிவு.

1996 டிசம்பர் 11 அன்று நீதிபதிகள் குல்தீப் சிங், சகீர் அகமது ஆகியோர் தீர்ப்பளித்தனர். ஒழுங்காற்று மண்டலத்திற்குள் உள்ள இறால் பண்ணைகளை 1997 மார்ச் 31ஆம் நாளுக்குள் அகற்ற வேண்டும். பழவேற்காடு, சிலிகா ஏரிகளிலிருந்து 1000 மீட்டருக்குள் பண்ணை கூடாது. மாசுபடுத்தியவரே இழப்பீடு தர வேண்டும். வேலையிழக்கும் பண்ணைத் தொழிலாளர்க்கும் இழப்பீடு வழங்க வேண்டும் எனத் தீர்ப்பு கூறியது. மரபுமுறைப்படி, நெருக்கமின்றி இறால் வளர்ப்போருக்கு விலக்கு இருந்தது. 'கடலின் முன்புறம் தேவைப்படும் தொழில்' என்று பண்ணை உரிமையாளர்கள் வாதிட்டனர். கடல்நீர் தேவை என்பதனாலேயே கடற்கரை நிலம் தேவை என்று ஆகிவிடாது என நீதிமன்றம் அவ்வாதத்தை ஏற்கவில்லை.

கதை இங்கு முடிந்திருந்தால் நிறைவாக இருந்திருக்கும். தீர்ப்பை மறுஆய்வு செய்யுமாறு மனுக்கள் தாக்கலாயின. இடிக்கும் பணி நின்றது. 2005இல் நாடாளுமன்றம் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டத்தை இயற்றியது. அச்சட்டம் பண்ணைகளை முற்றிலும் விலக்கவில்லை. பதிவு செய்துகொண்டு நடத்த வழி வகுத்தது. ஆயினும் புதிய பண்ணைகள் உயர் ஓதக்கோட்டிலிருந்து 200 மீட்டருக்குள் அமையக் கூடாது என்றது. அலையாத்திக் காட்டையும் விளைநிலத்தையும் குட்டையாக மாற்றுவதற்குத் தடை வந்தது. நீதிமன்றம் வரைந்த கோட்டை நாடாளுமன்றம் நகர்த்தியது. இதனை வெற்றி என்பதா, தோல்வி என்பதா? எண்பது வயதில் வழக்குத் தொடுத்தவர் கேட்டது இதுவன்று. ஆனால் அவர் வழக்குத் தொடுக்காவிடில் பதிவும் நிபந்தனையும்கூட வந்திருக்குமா என்பது ஐயமே. ஜெகந்நாதன், கிருஷ்ணம்மாள் இருவருக்கும் 2008இல், மாற்று நோபல் பரிசு எனப் போற்றப்படும் 'சரியான வாழ்வாதார விருது' வழங்கப்பட்டது.

கோட்டிற்கு உள்ளே வாழ்பவர்கள்

2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை தமிழ்நாட்டுக் கரையைத் தாக்கியது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்திற்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். பிச்சாவரத்தில் அலையாத்திக் காட்டிற்குப் பின்னால் இருந்த ஊர்கள் குறைந்த சேதத்தோடு தப்பியதை ஆய்வாளர்கள் பதிவு செய்தனர். சட்டத்தின் முதல் வகை எதனைக் காக்க முயன்றது என்பது அன்று பலருக்குப் புரிந்தது.

பின்னர் வீடு கட்டித் தரும் வேளையில் கடினமான ஒரு சிக்கல் எழுந்தது. கடலிலிருந்து 200 மீட்டருக்கு அப்பால் குடிபெயர்வோருக்கு அரசு புதிய வீட்டை இலவசமாக வழங்கும். பழைய இடத்திலேயே இருக்க விரும்புவோர் இருக்கலாம், ஆனால் அவர்களுக்கு அவ்வுதவி கிடைக்காது என்று 2005இல் தமிழ்நாடு அரசு ஆணையிட்டது. உயிரைக் காக்கும் நோக்கம் நேர்மையானது. மீனவர்க்கோ அது எளிதான தேர்வாக இல்லை. படகும் வலையும் கண்பார்வையில் இருக்க வேண்டும். விடியுமுன் அலையின் போக்கையும் காற்றின் திசையையும் வாசலில் நின்றே கணிப்பது அவர்கள் வழக்கம். பிடித்த மீனைப் பெண்கள் கரையிலேயே ஏலம் எடுத்து விற்பர். மேலும், 'நாங்கள் விலகிய மணலில் நாளை வேறொருவர் விடுதி கட்டமாட்டார் என்பதற்கு என்ன உறுதி?' என்ற அச்சமும் அவர்களிடம் இருந்தது. அந்த அச்சத்தைப் பேதைமை என்று தள்ளிவிட முடியாது.

2011 ஜனவரியில் வெளியான புதிய அறிவிக்கை மீனவரின் இக்குரலை ஓரளவு செவிமடுத்தது. ஊர்ப்புறக் கரையில் 100 முதல் 200 மீட்டருக்கு உட்பட்ட இடத்தில் மரபுவழிக் கடலோர மக்கள் வீடு கட்டிக்கொள்ள அது வழி தந்தது. கடற்பரப்பையும் 12 கடல்மைல் வரை மண்டலத்திற்குள் சேர்த்தது. அடுத்து 2019 ஜனவரியில் அரசிதழில் வந்த அறிவிக்கை, மக்கள் நெருக்கம் மிகுந்த ஊர்ப்புறக் கரைகளில் வளர்ச்சி தவிர்க்கும் பகுதியை 200 மீட்டரிலிருந்து 50 மீட்டராகக் குறைத்தது. சதுர கிலோமீட்டருக்கு 2161 பேருக்கு மேல் வாழும் இடங்கள் இவ்வகையில் அடங்கும். மீனவர் வீடு கட்ட இடம் கிடைக்கும் என்பது இதனை ஆதரிப்போர் வாதம். அதே 50 மீட்டர் விடுதி கட்டுவோருக்கும் பொருந்துமே என்பது எதிர்ப்போர் வாதம். இரண்டாவது வாதத்திற்கு இதுவரை நிறைவான விடை கிடைத்ததாகத் தெரியவில்லை.

கோட்டை மீறிக் கட்டியபின் சட்டம் விழித்துக்கொண்டால் என்னாகும் என்பதைக் கேரளத்தின் மரடு காட்டியது. கொச்சியை அடுத்த அவ்வூரின் காயல் ஓரத்தில், உள்ளாட்சி அளித்த அனுமதியின் பேரில் அடுக்குமாடிக் குடியிருப்புகள் எழுந்தன. கடற்கரை அறிவிக்கைப்படி பெற வேண்டிய ஒப்புதல் பெறப்படவில்லை. 2019 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் அவற்றை அகற்ற ஆணையிட்டது. 2020 ஜனவரி 11, 12 ஆகிய இரு நாள்களில் நான்கு குடியிருப்புகளும் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன. வாழ்நாள் சேமிப்பைக் கொடுத்து வீடு வாங்கிய முந்நூற்றுக்கும் மேற்பட்ட குடும்பங்கள் வெளியேறின. அவர்களுக்கு முதற்கட்டமாக 25 இலட்சம் ரூபாய் வரை இழப்பீடு வழங்க நீதிமன்றம் வழிசெய்தது. அடித்தளம் தோண்டும்போதே ஓர் அலுவலர் வந்து அளந்திருந்தால், அக்குடும்பங்கள் அங்கே வீடு வாங்கியே இருக்கமாட்டா.

ஏரிக்கரையின் கணக்கு

பெங்களூருவிற்கு வருவோம். இந்நகரின் கெம்பேகவுடா பேருந்து நிலையம் ஒரு காலத்தில் தர்மாம்புதி ஏரியாக இருந்த இடம். கண்டீரவா விளையாட்டரங்கு சம்பங்கி ஏரியில் எழுந்தது. எஞ்சிய ஏரிகளுள் பெல்லந்தூரின் நிலை உலகச் செய்தியாயிற்று. கழிவுநீர் சேர்ந்து நுரை சாலைவரை பறந்தது. 2017 பிப்ரவரியிலும் 2018 ஜனவரியிலும் ஏரியில் தீப்பற்றியது. நீர்நிலை எரிந்தது என்று முதன்முறை கேட்டவர்கள் நம்பவில்லை.

பெல்லந்தூருக்கும் அதன் மேற்கே உள்ள அகர ஏரிக்கும் இடைப்பட்ட நிலத்தில் பெருங்கட்டடங்கள் எழுந்ததை எதிர்த்து, குடிமக்கள் அமைப்புகள் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தில் வழக்குத் தொடுத்தன. அன்றைய பெருந்திட்டப்படி ஏரியைச் சுற்றி 30 மீட்டர் விட வேண்டும். முதல்நிலை ராஜகாலுவெக்கு 50, இரண்டாம் நிலைக்கு 25, மூன்றாம் நிலைக்கு 15 மீட்டர் விட வேண்டும். இவை போதா எனக் கருதிய தீர்ப்பாயம், 2016 மே 4 அன்று ஏரிக்கு 75 மீட்டர் எனவும், கால்வாய்களுக்கு முறையே 50, 35, 25 மீட்டர் எனவும் ஆணையிட்டது. அந்த இடைவெளி வெறும் அழகுக்கன்று. மழைநீர் பரந்து வடிவதற்கும், மண் அதனை உறிஞ்சுவதற்கும், பறவைகள் தங்குவதற்கும் அவ்விடம் வேண்டும். அது குறைந்த இடங்களில் பெருமழையின்போது நீர் வீட்டின் தரைத்தளத்திற்குள் வருவதைப் பெங்களூருவாசிகள் அறிவர்.

ஆணை மூன்று ஆண்டுகள்கூட நிலைக்கவில்லை. 2019 மார்ச் 5 அன்று உச்ச நீதிமன்றம் அந்த 75 மீட்டர் விதியை நீக்கியது. ஏரிக்கு இடைவெளி வேண்டாம் என்று நீதிமன்றம் கூறவில்லை என்பது இங்கு முக்கியம். பெருந்திட்டம் என்பது மாநிலச் சட்டத்தின்படி, மக்களின் கருத்தைக் கேட்டு உருவாக்கப்பட்ட ஆவணம். அதிலுள்ள அளவைத் தீர்ப்பாயம் தன் ஆணையால் மாற்றி எழுத இயலாது என்பதே தீர்ப்பின் அடிப்படை. அதேவேளையில், ஆக்கிரமித்த நிலத்தை ஏரிக்குத் திருப்பித் தர வேண்டும் என்ற பகுதி நிலைத்தது.

ஆகவே அந்த எண் எங்கு முடிவாகிறது என்பதை இத்தீர்ப்பு தெளிவாக்கிவிட்டது. நகரின் வரைவுத் திட்டம் வெளியாகும்போது, மக்களின் எதிர்ப்பையும் ஆலோசனையையும் எழுத்துவழி பெறக் குறிப்பிட்ட காலம் ஒதுக்கப்படும். கடற்கரை மேலாண்மைத் திட்டங்களுக்கும் அவ்வாறே. வரைபடம் கடினமாகத் தோன்றும், எண்கள் சலிப்பூட்டும். கட்டடத் தொழிலில் இருப்பவர்கள் அவற்றை வரி விடாமல் படிக்கின்றனர். ஏரிக்கரையில் வாழ்பவர்கள் பெரும்பாலும் படிப்பதில்லை.

படித்தவர்கள் கண்டறிந்த ஒரு சிறு செய்தி உண்டு. பழைய பெருந்திட்டத்தில் ராஜகாலுவெக்கான 50 மீட்டர், கால்வாயின் நடுக்கோட்டிலிருந்து அளக்கப்பட்டது. தீர்ப்பாயமோ கால்வாயின் விளிம்பிலிருந்து அளக்கச் சொன்னது. இரண்டிலும் எண் ஐம்பதுதான். ஆனால் கால்வாய் 20 மீட்டர் அகலமானால், நடுவிலிருந்து அளக்கும்போது ஒவ்வொரு கரையிலும் மிஞ்சுவது 40 மீட்டர் மட்டுமே.

சொற்பொருள்

ஓதம் – கடல்நீரின் ஏற்றவற்றம்
கழி – கடல்நீர் நிலத்தினுள் புகுந்து நிற்கும் இடம்
காயல் – கடலோடு தொடர்புடைய உப்பங்கழி
அலையாத்திக் காடு – உப்புநீரில் வளரும் சதுப்புநிலக் காடு
அறிவிக்கை – அரசு தன் ஆணையை முறைப்படி வெளியிடும் ஆவணம்
மறுஆய்வு மனு – தீர்ப்பை மீண்டும் ஆராயுமாறு கோரும் விண்ணப்பம்
செவிமடுத்தல் – கவனித்துக் கேட்டல்

பயிற்சி

1. உயர் ஓதக்கோடு என்பது யாது? அதனை முழுநிலா, மறைநிலா நாள்களோடு தொடர்புபடுத்தி விளக்குக.

2. மெரினாவில் மணல் பெருகியதற்கும் இராயபுரத்தில் கரை அரிக்கப்பட்டதற்கும் ஒரே காரணம் எவ்வாறு அமைந்தது?

3. 'கடல்நீர் தேவை என்பதனாலேயே கடற்கரை நிலம் தேவை என்று ஆகிவிடாது.' இக்கூற்று எழுந்த சூழலை எழுதுக.

4. ஆழிப்பேரலைக்குப் பின் மீனவக் குடும்பம் ஒன்று குடிபெயர்வதா, இருப்பதா என வீட்டில் உரையாடுகிறது. தாத்தா, தாய், மகன் ஆகிய மூவரின் பேச்சாக அவ்வுரையாடலை ஒரு பக்க அளவில் அமைக்க.

5. பிரித்து எழுதுக: கடற்கரை, பேரோதம், ஐந்நூறு, விளைநிலம்.

6. உங்கள் வீட்டிற்கு அருகிலுள்ள ஏரியின் பெயரைக் கன்னடத்திலும் தமிழிலும் எழுதுக. அதன் கரைக்கும் மிக அருகிலுள்ள கட்டடத்திற்கும் இடையே உள்ள தொலைவைப் பெரியவர் துணையுடன் காலடியால் அளந்து, மீட்டராக மாற்றிக் குறிக்க.